4 வயசு மகளுக்கு சீனச் சாப்பாடு, சீனத் தே பழக்கம் எல்லாம் எப்படி பழக்கறது? ஈப்போ குடும்பம்

ஈப்போ மருமக எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் தமிழ், வீட்டுக்காரர் சீனர், ஈப்போ கேண்டனீஸ் குடும்பம். மகளுக்கு 4 வயசு. விஷயம் என்னன்னா, மாமியார் இருந்த வரைக்கும் எந்த மாசம் என்ன பெருநாளு, எதுக்கு என்ன சமைக்கணும், சாமி மேடைல என்ன வைக்கணும், எல்லாமே அவங்கதான், நான் பக்கத்துல நின்னு எடுத்துக் குடுக்கற ஆளு. போன வருஷம் அவங்க தவறிட்டாங்க. துக்கம்னு இந்த சீனப் பெருநாளும் கொண்டாடல. இப்பத்தான் யோசிச்சுப் பாக்கறேன், இனிமே யார் இதெல்லாம் பிள்ளைக்குக் காட்டுவாங்கன்னு. வீட்டுக்காரர்கிட்ட கேட்டா நல்லா சாப்பிடத் தெரியும், ஏன் எதுக்குன்னு தெரியாதுங்கறாரு, எங்கம்மா செய்வாங்க நாங்க சாப்பிடுவோம்னு முடிச்சிடறாரு.

எங்கம்மா பக்கத்துல குறையே இல்ல. தீபாவளிக்கு முறுக்கு பிழியறப்போ இவளும் ஸ்டூல் மேல ஏறி அச்சைப் பிடிச்சு அமுத்துவா, பொங்கலுக்குப் பானை பொங்கறப்போ முதல் சத்தம் இவளோடதுதான். அந்தப் பக்கம் மட்டும் வெறும் அங்பாவ் (சிவப்பு உறைல போட்டுக் குடுக்கற காசு), சிவப்புச் சட்டைன்னு நின்னுடுமோன்னு மனசு அடிச்சுக்குது. அவ ரெண்டு பக்கத்துப் பிள்ளைதானே.

மாமனார், அதாவது அவளோட யே யே, ஞாயித்துக்கிழமை காலைல டிம் சம் கடைக்கு, அதான் தேயோட சின்னச் சின்ன ஆவிப் பலகாரம் விக்கற கடைக்கு, கூட்டிட்டுப் போவாரு. பிள்ளை அவர் கப்பையே பாத்துட்டு இருப்பா, அவரும் ஒரு வாய் குடுத்துடறாரு. கன்னங்கரேல்னு இருக்கும் அந்தத் தே. இந்த வயசுல குடுக்கலாமா? வேணாம்னா அவர் மனசு நோகாம எப்படிச் சொல்றது? சாப்பாட்டுல எதுல இருந்து ஆரம்பிக்கறது? பாவ் (ஆவில வேகற பன்), சீ சியோங் ஃபன் (அரிசி மாவுச் சுருள்), கஞ்சி இதெல்லாம் நல்லா சாப்பிடுவா. இன்னொண்ணு, தமிழச்சி நான் இதையெல்லாம் செஞ்சா அது சரியா வருமா, அவங்க சொந்தக்காரங்க ஒரு மாதிரி பாப்பாங்களா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

---

ஜேபி அண்ணன்:

தங்கச்சி, எங்கப்பா தமிழ், அம்மா தியோச்சியூ சீனவங்க, ஜொகூர் பாருல வளர்ந்தவன். உங்க கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில் சொல்றேன், தாராளமா நீங்க செய்யலாம், எங்க வீட்ல பொங்கப் பானைக்கு மஞ்சக் கொத்து கட்டினது எங்கம்மாதான், யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்ல.

தேயைப் பத்தி. குடிக்கறது அதுல ஒரு பங்குதாங்க. பிள்ளைக்கு அதைச் சுத்தி செய்றதுக்கே ஏகப்பட்ட வேலை இருக்கு, ஒரு சொட்டு குடிக்காமலே எல்லாத்தையும் பழகிக்கலாம். டிம் சம் கடைல உக்காந்ததும் என்ன தேன்னுதான் முதல்ல கேப்பாங்க, போ லேயா (கருப்பா இருக்கற தே), குக் ஃபாவா (சாமந்திப்பூ), தியே குவான் யின்னா (ஊலோங் வகை), மல்லிப்பூ போட்டதான்னு. அதை இவளையே சொல்ல விடுங்க, யே யேவுக்கு இதுன்னு அவ ஆர்டர் பண்ணட்டும். அப்புறம் சுடுதண்ணில கப்பு, கரண்டி, சாப்ஸ்டிக் எல்லாம் அலசுவாங்க இல்ல, அதுல சாப்ஸ்டிக்கை மட்டும் பெரியவங்க கைய சேத்துப் பிடிச்சு அலசச் சொல்லலாம். ஊத்தறதுக்கு ஒரு வரிசை இருக்கு, வயசுல மூத்தவங்களுக்கு முதல்ல, தனக்குக் கடைசில. கப்பு நிறைய ஊத்தக் கூடாது, முக்காலுக்குக் கொஞ்சம் கம்மியா, பத்துல ஏழு பங்குன்னு கணக்கு. கூஜா மூக்கு யாரையும் பாத்த மாதிரி வைக்கக் கூடாது. தண்ணி தீந்துபோச்சுன்னா மூடியைக் கொஞ்சம் திறந்து சாய்ச்சு வச்சாப் போதும், கூப்பிடவே வேணாம், கடைக்காரர் வந்து ஊத்திட்டுப் போவாரு. அந்த மூடியைத் திறந்து வைக்கற வேலையை சூடு ஆறின கூஜாவா பாத்து பிள்ளைகிட்ட குடுங்க, அடுத்த வாரத்துல இருந்து அதுக்குன்னே கண்ணு வச்சுட்டு உக்காந்திருப்பா.

யாராவது நமக்கு ஊத்தினா ரெண்டு விரலை மடக்கி மேசைல தட்டறது கேண்டனீஸ்காரங்க வழக்கம், நன்றின்னு அர்த்தம். அதுக்கு ஒரு கதை சொல்லுவாங்க. சீனாவை ஆண்ட சியன்லோங் ராஜா மாறுவேஷத்துல ஊர் சுத்தறப்போ கூட வந்த சேவகனுக்கு அவரே தே ஊத்திட்டாராம், ராஜா ஊத்தினா மண்டி போடணும், போட்டா ராஜான்னு ஊருக்கே தெரிஞ்சுடும், அதனால அந்த ஆளு விரலை மடக்கி மேசை மேல மண்டி போட வச்சானாம். உண்மையா நடந்துச்சோ இல்லையோ 4 வயசுப் பிள்ளைக்கு இதவிட நல்ல கதை கிடைக்காது, விரலாலேயே நடிச்சுக் காட்டுங்க.

எங்க தியோச்சியூ ஆளுங்க வீட்ல கொங்ஃபூ தே போடுவாங்க, வாய் அகலமான கிண்ணத்துல மூடி போட்டு, கப்பு எல்லாம் ஒரு மடக்கு அளவுதான். சின்னப் பிள்ளைல எங்கம்மா எனக்கு குடிக்கக் குடுத்ததவிட மோந்து பாக்கக் குடுத்ததுதான் அதிகம். கிண்ணத்தை வெந்நீர்ல சூடு பண்ணி, தண்ணிய கொட்டிட்டு, காஞ்ச இலையப் போட்டு மூடி ஒரு குலுக்கு குலுக்கி மூக்குகிட்ட நீட்டுவாங்க பாருங்க, அந்த வாசனை வெந்நீர் ஊத்தினதுக்கப்புறம் வராது. தியே குவான் யின் இலை சுருட்டி மணி மணியா கெட்டியா இருக்கும், ஊற ஊற ஒவ்வொரு மணியா அவிழ்ந்து முழு இலையா நரம்போட வெளிய வரும். குடிச்சு முடிச்சதும் அந்த இலையை வெள்ளைத் தட்டுல கொட்டி ஆற வச்சு பிள்ளை கைல குடுங்க, விரிச்சு விரிச்சு அடுக்கட்டும், சில இலைல ஓரம் மட்டும் செவந்திருக்கும், அது இலையை வாட விட்டுக் குலுக்கறப்போ ஓரம் கசங்கி காத்து பட்டு மாறின இடம்னு சொல்லுங்க. பச்சை தே, ஊலோங், கருப்பு எல்லாமே ஒரே செடிதான், பக்குவம்தான் வேறன்னு அவளுக்கு அப்பவே புரியும்.

ஒண்ணு கேக்கணும். யே யே குடிக்கறது கன்னங்கரேல்னு இருக்கும்னு சொல்றீங்க, போ லேயா இல்ல லோக் போவா? லோக் போவா இருந்தா அதுக்கு உங்க ஊர்லயே பெரிய கதை இருக்கு. சீனாவுல குவாங்சில இருந்து வர்ற தே, அந்தக் காலத்துல ஈயச் சுரங்கத்துல வேலை செஞ்ச சீன ஆளுங்க குடிச்சது அதைத்தான், நாள் முழுக்க சேத்துத் தண்ணில வெயில்ல நிக்கற உடம்புக்கு நல்லதுன்னு நம்பினாங்க, உங்க ஈப்போ இருக்கற கிந்தா பள்ளத்தாக்குல அவ்ளோ சுரங்கம் இருந்துச்சு இல்ல. கேட்டுப் பாருங்க. குடும்பக் கதை ஏதாவது வந்தா அதுதான் பிள்ளைக்கு முதல்ல போய்ச் சேர வேண்டியது.

---

பிள்ளை வார்டு நர்ஸ்:

அண்ணன் சொன்னது எல்லாம் அருமை, நான் என் தொழில் பக்கத்துல இருந்து கொஞ்சம் சொல்றேன் சிஸ், பயமுறுத்தறதுக்கு இல்ல.

இந்த வயசுக்கு நிஜத் தே வேணாம். பச்சைல இருந்து கருப்பு வரைக்கும் எல்லாத்துலயும் கஃபீன் இருக்கு, 12 வயசு வரைக்கும் வேணாம்னுதான் பிள்ளை டாக்டருங்க பொதுவா சொல்லுவாங்க. அதோட, சாப்பாட்டு கூட தே குடிச்சா கீரை, பருப்பு, தானியத்துல இருக்கற இரும்புச் சத்து உடம்புல சேர்றது குறையும், வளர்ற பிள்ளைக்கு அது முக்கியம். எப்பவோ ஒரு வாய் நாக்குல பட்டதுக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா ஞாயித்துக்கிழமை தோறும் ஒரு கப்புன்னு பழக்கம் ஆக்கிட வேணாம். முதல் தண்ணிய கொட்டிட்டா கஃபீன் போயிடும்னு நிறைய பேர் சொல்லுவாங்க, அது சரியில்ல, சட்டுனு அலசி கொட்டறதுல கொஞ்சம்தான் போகும், மிச்சம் இலையிலயே இருக்கும்.

அதுக்குப் பதிலா குக் ஃபா, சாமந்திப்பூ தே, இதுல கஃபீனே கிடையாது. கடைல சொல்றப்போ வெறும் குக் ஃபான்னு தெளிவா சொல்லுங்க, குக் போன்னு சொன்னா போ லேய் கலந்து வந்துடும். வீட்ல போட்டா காஞ்ச பூ நாலஞ்சு, வெந்நீர், நல்லா ஆற வச்சுக் குடுங்க, பாக்கெட்ல விக்கறது பாதி சீனித் தண்ணி. பூ மகரந்தம் ஒத்துக்காத பிள்ளையா இருந்தா முதல் தடவை ஒரு ஸ்பூன் குடுத்துட்டு கவனிங்க. சிவப்புப் பேரீச்சை, லோங்கான் போட்டு கொதிக்க வைக்கற தண்ணியும் நல்லா இருக்கும், கல்யாணத்துல பெரியவங்களுக்கு மண்டி போட்டு ரெண்டு கையால குடுக்கற தேல கூட நிறைய குடும்பத்துல அதைத்தான் போடறாங்க, அதனால அவளோடது பொய்த் தேன்னு யாரும் சொல்ல முடியாது. கொட்டையை எடுத்துடுங்க.

எனக்கு கஃபீனவிட பெரிய பயம் சுடுதண்ணிதான். டிம் சம் மேசை நடுவுல சுத்தற தட்டு இருக்கும் இல்ல, பிள்ளைங்களுக்கு அதைச் சுத்தறதுல அவ்ளோ ஆசை, அது மேலயே கொதிக்கற கூஜாவை வச்சிருப்பாங்க, ஒரே சுத்துல மடில வந்து விழும். மடில பிள்ளையை வச்சுட்டு யே யே சூடா ஊத்தவே கூடாது. கூஜாவை சுத்தற தட்டுல இருந்து எடுத்து பெரியவங்க கைப்பக்கம் வைங்க, கப்பு அலசறதும் அவ பக்கத்துல வேணாம், அலசற தண்ணியும் சுட்டதுதான்.

யே யேகிட்ட எப்படிச் சொல்றதுன்னா, வேணாம்னு சொல்லாதீங்க, அவளுக்குன்னு தனிக் கூஜா வேணும்னு சொல்லுங்க. பேத்திக்கு சின்னக் கூஜா, சின்னக் கப்பு வாங்கித் தர்றதுல எந்தத் தாத்தாவும் பின்வாங்க மாட்டாரு. ஆறின குக் ஃபா அதுல, அவர் கப்பும் இவ கப்பும் பக்கத்துல பக்கத்துல.

சாப்பாட்டுல ஒரே ஒரு எச்சரிக்கை, ஒட்டரிசில செய்ற உருண்டை, தோங் யூன், நியன் காவ் எல்லாம் தொண்டைல மாட்டற ஐட்டம். முழுசா குடுக்காதீங்க, சின்னதா வெட்டி, உக்கார வச்சு, ஓடாம, சிரிக்க வைக்காம. ஹார் காவ்ல இறால் இருக்கும், இதுவரைக்கும் சாப்பிட்டதில்லன்னா அதையும் கொஞ்சமா ஆரம்பிங்க.

---

பினாங்குல இருந்து ஒருத்தி:

சொந்தக்காரங்க என்ன நினைப்பாங்கன்னு கவலைப்படாதீங்க சிஸ். எங்க அண்ணி சீனவங்க, ரெண்டு வீட்டுச் சாப்பாடும் எங்க வீட்ல சண்டை போட்டதே இல்ல. குவான் யின் அம்மனைக் கும்பிடற சீனவங்க நிறைய பேரு மாட்டிறைச்சி தொடமாட்டாங்க, நம்மளும் தொடமாட்டோம், சீன மாசத்துல முதல் நாளும் பதினஞ்சாம் நாளும் அவங்க சைவம், நம்மகிட்ட வெள்ளிக்கிழமை. ஒன்பது ராஜா சாமி திருவிழா வந்தா ஒன்பது நாளும் பினாங்குல எங்க பாத்தாலும் மஞ்சக் கொடி கட்டின சைவக் கடைதான், அந்த நேரத்துல எங்கம்மா கூட வந்து ஆசை ஆசையா சாப்பிடுவாங்க. பிள்ளைய ஒரு தடவை அங்க கூட்டிட்டுப் போங்க, ரெண்டு பாட்டி வீடும் ஒரே மாதிரிதான்னு அவளுக்கே தோணும்.

---

தோட்டத்துப் பேத்தி:

இதைப் படிச்சதுல இருந்து பதில் போடணும் போடணும்னு இருந்தேன். எங்கம்மா பிறப்பால சீனப் பொண்ணு. ஜப்பான்காரன் காலம் முடிஞ்ச கஷ்டத்துல, கைக்குழந்தையா, சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல ஒரு தமிழ்க் குடும்பம் எடுத்து வளர்த்தது. அந்தக் காலத்துல இப்படி நிறைய பிள்ளைங்க, பெரும்பாலும் பொம்பளப் பிள்ளைங்க, தமிழ் வீட்டுக்கு வந்தாங்க. அம்மா சேலை கட்டி, பொட்டு வச்சு, தீமிதிக்கு விரதம் இருந்து, தமிழத் தவிர வேற பேச்சு தெரியாம வளர்ந்தவங்க. வளர்த்தவங்க உசிரா வளர்த்தாங்க, அதுல எந்தக் குறையும் சொல்ல முடியாது. ஆனா அம்மாவுக்கு வயசான காலத்துல பக்கத்து வீட்டு சீனப் பாட்டி டிசம்பர் மாசம் ஒரு கிண்ணம் தோங் யூன் கொண்டாந்து குடுத்தப்போ, இது எதுக்கு செய்றாங்கன்னு என்கிட்ட கேட்டாங்க, எனக்கும் சொல்லத் தெரியல. அப்புறம் நான் அந்தப் பாட்டிகிட்டயே போய் உக்காந்து கத்துக்கிட்டு வருஷா வருஷம் அம்மாவுக்கு செஞ்சு குடுத்தேன். உங்க மகளுக்கு ஆரம்பத்துலயே கிடைக்கட்டும் தங்கச்சி, அதனாலதான் இவ்ளோ எழுதறேன்.

சாப்பாட்டுல எதுல ஆரம்பிக்கறதுன்னு கேட்டீங்க, நான் தோங் யூன்தான் சொல்லுவேன், நர்ஸ் சொன்ன கவனத்தோட. டிசம்பர் 21 இல்லன்னா 22, தோங் ச்சி, குளிர்காலத்துல பகல் ரொம்பக் குறைஞ்ச நாளு, குடும்பம் எல்லாம் ஒண்ணா உக்காந்து சாப்பிடணும், உருண்டை உருண்டையா இருக்கறது குடும்பம் சேந்து இருக்கறதுக்காக. ஒட்டரிசி மாவை ரெண்டா பிரிச்சு, ஒண்ணு வெள்ளை, ஒண்ணுல துளி சிவப்புக் கலர், வெதுவெதுன்னு தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா ஊத்திப் பிசைங்க, அந்தப் பாட்டி எனக்குச் சொன்ன பதம் காது மடலைத் தொட்டுப் பாரு, அப்படி இருக்கணும்னு. பிள்ளைக்கும் தன் காதையும் மாவையும் மாத்தி மாத்தித் தொட்டுப் பாக்கச் சொல்லுங்க. அப்புறம் ரெண்டு உள்ளங்கைல வச்சு உருட்டறது, அவ்ளோதான். அவளுக்குன்னு சுண்டைக்காய் அளவுல உருட்டுங்க, அதையும் வெட்டிக் குடுங்க. கொதிக்கற தண்ணில போட்டா அடில போய் உக்காரும், வெந்ததும் ஒண்ணொண்ணா மேல வரும், அந்த நேரம் அடுப்புக்கு ஒரு எட்டு தள்ளி ஸ்டூல் போட்டு எண்ணச் சொல்லுங்க. பாகு தனியா, நசுக்கின முத்தின இஞ்சி, பாண்டான் இலை, கற்கண்டு இல்லன்னா குலா மலாக்கா (பனைவெல்லம் மாதிரி). பிள்ளைக்கு இஞ்சிக் காரம் கம்மியா.

இன்னொரு விஷயம். ச்சிங் மிங் வரும் ஏப்ரல் 4, 5 வாக்குல, கல்லறையைச் சுத்தம் பண்ற நாளு. உங்க மாமியாருக்கு சின்னக் கப்புல தே வைப்பாங்க. அன்னிக்கு அந்தத் தேயை பிள்ளை கையால வைக்கச் சொல்லுங்க, அவங்களுக்குப் பிடிச்ச பாவ் ஒண்ணும் கூட. மா மாவுக்கு, அதாவது அப்பா வழிப் பாட்டிக்கு, என்ன பிடிக்கும்னு அவகிட்ட பேச அதவிட நல்ல நாளு இருக்காது. சோத்துல சாப்ஸ்டிக்கை ஏன் நட்டுக்க நிறுத்தக் கூடாதுன்னும் அங்க ஊதுபத்தி குத்தி வச்சிருக்கறதப் பாத்தா அவளுக்கே விளங்கிடும்.

---

ஈப்போ மருமக:

அக்கா, உங்க பதிலைப் படிச்சுட்டு வீட்டுக்காரர்கிட்ட சத்தமா படிச்சுக் காட்டினேன், ரெண்டு பேராலயும் கொஞ்ச நேரம் பேச முடியல. அம்மா கதைய இங்க சொன்னதுக்கு ரொம்ப நன்றி.

ஜேபி அண்ணே, நீங்க கேட்டது லோக் போதான்! ஞாயித்துக்கிழமை கேட்டேன், அவ்ளோ பேசாத மனுஷன் அன்னிக்கு பேசிட்டே இருந்தாரு. அவரோட அப்பா கம்பார் பக்கம் ஈயச் சுரங்கத்துல வேலை செஞ்சவராம், காலைல வேலைக்குப் போறப்போ பெரிய தகரக் கூஜா நிறைய இந்தத் தேதான் போட்டு வச்சிருப்பாங்களாம், ஆறிப் போனாலும் அப்படியே மொண்டு மொண்டு குடிப்பாங்களாம். 1985ல ஈய வெலை விழுந்து சுரங்கம் எல்லாம் மூடினப்போ அவர் அண்ணனுங்க வேலை போனதையும் சொன்னாரு. வீட்டுக்காரருக்கே இது பாதி தெரியாது. பிள்ளை எல்லாத்தையும் கேட்டுட்டு, அந்தத் தாத்தா சேத்துல நின்னா செருப்பு போட்டிருந்தாரான்னு கேட்டா, யே யே சிரிச்சுட்டு, இல்ல, வெறுங்காலுதான்னாரு.

நர்ஸ் சிஸ், தனிக் கூஜா யோசனை வேலை செஞ்சுடுச்சு. அன்னிக்கே கடைத்தெருவுல ஒரு வெள்ளைக் கூஜாவும் ரெண்டு கப்பும் வாங்கிட்டாரு, அவரே தேடி எடுத்தாரு. விரல் தட்டறது இப்போ எங்கம்மா வீட்லயும் நடக்குது, ரசம் ஊத்தினா கூட தட்டறா.

ஒரே ஒரு கேள்வி. டிசம்பருக்கு முன்னாடி நிலா பெருநாளு வருது இல்ல, மூன் கேக் எண்ணெயும் சீனியுமா ரொம்ப கனமா இருக்கு, உள்ள உப்பு முட்டை மஞ்சக் கரு வேற, இவ வாய்ல வச்சுத் துப்பிடுவா. அதுக்கு என்ன பண்றது?

---

ஜேபி அண்ணன்:

செருப்பு கேள்வி சூப்பர். அந்தக் கதைய ஒரு தடவை ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி வச்சுடுங்க தங்கச்சி, அவர் குரல்லயே, கேண்டனீஸ்லயே.

மூன் கேக்கை முழுசா சாப்பிடச் சொல்லி யாரும் சொல்றதில்ல. ஒரு கேக்கை எட்டாவோ அதுக்கு மேலயோ வெட்டி குடும்பம் பூரா பங்கு போட்டுக்கறதுதான் வழக்கம், பக்கத்துல திக்கா தே, இனிப்பை அது அறுத்துடும். அவளுக்கு நகம் அளவு ஓரத்துத் துண்டு போதும், மஞ்சக் கரு பெரியவங்களுக்கு. பிள்ளைங்களுக்குன்னே வேற ஒண்ணு இருக்கு, பன்னிக்குட்டி பிஸ்கட், மூன் கேக் மாவையே உள்ள ஒண்ணும் வைக்காம பன்னிக்குட்டி, மீன் உருவத்துல சுட்டு, சின்ன கலர் பிளாஸ்டிக் கூடைக்குள்ள போட்டு தொங்க விட்டிருப்பாங்க, பழைய பிஸ்கட் கடைல சீன எட்டாம் மாசம் நெருங்கறப்போ கிடைக்கும். எங்களுக்கு எல்லாம் பெருநாளுன்னா அந்தக் கூடைதான், பிஸ்கட் தீந்தும் கூடைய வச்சு விளையாடுவோம். ரெண்டு வாங்குங்க, ஒண்ணு அவளுக்கு, ஒண்ணு அவ பாலர் பள்ளிக்கூட்டாளிக்குக் குடுக்கட்டும். தாங்லுங் விளக்குக்கு பேட்டரி வச்சதே வாங்குங்க, மெழுகுவத்தி வேணும்னு யே யே கேட்டா அவர் கைல ஒண்ணு தனியா. பிஸ்கட் சுடறப்போ மேல முட்டை தடவியிருப்பாங்க, பள்ளிக்கூட்டாளிக்கு முட்டை ஒத்துக்குமான்னு முன்னாடியே கேட்டுக்கங்க.